கிராண்ட்பாஸில் அப்பாவாகப் போகும் தம்பிமாருக்கு

அன்புள்ள தம்பிமாருக்கு,

சென் ஜோசப் வீதியிலும் லேயார்ட்ஸ் புரோட்வேயிலும் நாகலகம் வீதியிலும், அவற்றின் ஒழுங்கைகளிலும் தோட்டங்களிலும், இந்த மாதமோ அடுத்த மாதமோ முதற்பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். வீட்டில் இப்போது பை கட்டி வைத்திருப்பார்கள். துணி நாப்பி, பிளானல் துணி, சுடுதண்ணிப் போத்தல், கிளினிக் புத்தகம் எல்லாம் அதற்குள் இருக்கும். அதையெல்லாம் அம்மாவும் மாமியும் பார்த்துக்கொள்வார்கள். உங்களிடம் ஒருவரும் ஒப்படைக்காத ஒரு வேலையைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். பிள்ளை பிறந்தபின் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற வேலை.

படம் எடுக்க எங்களுக்குத் தெரியாதா அக்கா என்று கேட்பீர்கள். தெரியும்தான். என் தலைமுறைக்கு ஸ்டூடியோவுக்குப் போய் மூச்சுப் பிடித்து நின்றால்தான் படம். உங்களுக்குச் சட்டைப் பையிலேயே கமரா. ஆனாலும் எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் பிறந்த அன்று எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை மாமியின் கையில் இருக்கும், சித்தியின் கையில் இருக்கும், அப்பாவின் கையில் இருக்கும், அடுத்த வீட்டு அன்ரியின் கையிலும் இருக்கும். தாய் மட்டும் இருக்கமாட்டாள். ஒரு படத்தில் கட்டில் ஓரமாக ஒரு முழங்கை தெரிந்தது. கையில் குத்திய கனுலா, அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டர், பிளாஸ்டரின் ஓரத்தில் காய்ந்த ஒரு துளி இரத்தம். பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்கு அந்தப் படத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால், "அவதான் வேணாம் எண்டா, தலை கலைஞ்சு கிடந்தது" என்பார்கள்.

தலை கலைந்துதான் இருக்கும். முகம் வீங்கியிருக்கும், உதடு வெடித்திருக்கும், ஆஸ்பத்திரிக் கவுனின் கழுத்து ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அது ஒரு பெண் தன் வாழ்வில் செய்த மிகக் கடினமான வேலையை அப்போதுதான் முடித்த முகம். இருபது வருடம் கழித்து உங்கள் மகள் தேடப்போவது அந்த முகத்தைத்தான். நான் சொல்ல வந்தது இதுதான் தம்பிமாரே: முதற்படத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்து இருக்கவேண்டும், அந்தப் படத்தை நீங்களே எடுக்கவேண்டும்.

நீங்களே என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? நம்மில் பலர் போவது பொரளைப் பக்கம்தான். ஆமர் வீதி, மருதானை தாண்டி, டி சொய்சாவுக்கோ காசல் வீதி ஆஸ்பத்திரிக்கோ. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த பணத்தில் 1879இல் தொடங்கியது டி சொய்சா மகளிர் வைத்தியசாலை. ஆசியாவின் மிகப் பழைய மகப்பேற்று மனைகளுள் ஒன்று. இன்று இலங்கையில் 99 வீதத்துக்கும் மேலான பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன, அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசும் வாங்குவதில்லை. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால் அங்கே படம் எடுத்துக்கொடுக்க ஆள் வைத்திருப்பதில்லை, வைத்திருக்கவும் தேவையில்லை. மிஸ்ஸிமாருக்கு ஒரு நேரத்தில் எத்தனை தாய்மார், எத்தனை பிள்ளைகள்! பிரசவ அறைக்குள் அநேகமாக உங்களை விடமாட்டார்கள். உங்களுக்குக் கிடைப்பது பார்வையாளர் நேரம் மட்டும்தான். அதிலும் பாதியை மாமா, மாமி, மச்சாள் என்று ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மிஞ்சுகிற கொஞ்ச நேரம்தான் உங்களுடையது.

வெளிநாட்டிலும், பணம் கட்டிப் போகிற சில இடங்களிலும், படம் எடுக்கும் கம்பனிக்காரர் கட்டிலுக்கே வருவார்கள். ஆல்பமும் தொப்பியும் பூக்கூடையுமாக விலை சொல்வார்கள். முடிந்தவர்கள் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் பிரித்தானியாவில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மகப்பேற்று வாட்டுகளில் தாய்மாருக்கு இலவசப் பை கொடுத்து, பிள்ளைகளைப் படமெடுத்து விற்றும் வந்த கம்பனி பவுண்டி. கட்டிலோரத்தில் நின்று தாய்மாரிடம் வாங்கிய விவரங்களையும் சேர்த்து, 1 கோடி 40 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை அது வேறு கம்பனிகளுக்குக் கொடுத்திருந்தது. பிள்ளை பிறந்த திகதியும், ஆணா பெண்ணா என்பதும்கூட அதற்குள் இருந்தன. 2019 ஏப்ரலில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் அந்தக் கம்பனிக்கு 4 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. களைத்துக் கிடக்கிற தாயிடம் யார் வந்து என்ன கேட்டாலும் அவள் தலையாட்டிவிடுவாள். அந்த நேரத்தில் அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் நிற்கவேண்டியவர் நீங்கள்.

கைத்தொலைபேசியிலிருந்து உடனுக்குடன் அனுப்பப்பட்ட முதற்படம் எது தெரியுமா? அதுவும் ஆஸ்பத்திரியில் ஓர் அப்பா எடுத்த பச்சைப்பிள்ளைப் படம்தான். 1997 ஜூன் 11ஆம் திகதி, கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில், மனைவிக்கு வலி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பிலிப் கான் என்ற கணினித்துறைக்காரர் ஒரு கசியோ டிஜிட்டல் கமராவையும் மோட்டரோலா போனையும் மடிக்கணினியையும் வயரால் பொருத்தி வைத்திருந்தார். மகள் பிறந்ததும் அவர் எடுத்த படம் 2000க்கும் அதிகமானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகை மாற்றிய 100 படங்கள் என்று 2016இல் டைம் சஞ்சிகை தொகுத்த வரிசையில் அதற்கும் இடம் கிடைத்தது. உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் கமரா வந்த கதையில் ஓர் அப்பாவின் அவசரமும் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். அந்த அவசரத்தை நான் மதிக்கிறேன். எடுப்பதில் அவசரப்படுங்கள். அனுப்புவதில்தான் பொறுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எடுக்கிற விதம்.

போனைத் தொடுமுன் கை கழுவுங்கள். போனையும் துடையுங்கள். நாள் முழுக்கச் சந்தையிலும் பஸ்ஸிலும் த்ரீவீலிலும் நம்மோடு திரிந்த சாமான் அது. பிள்ளையின் முகத்தருகே போகப்போகிறது. துடைக்கும்போது கமராக் கண்ணாடியையும் மென்மையான துணியால் ஒருமுறை துடையுங்கள். படங்கள் புகை படிந்ததுபோல் வருவதற்கு அநேகமாக விரல் எண்ணெய்தான் காரணம். அடுத்தது, பொறுப்பான மிஸ்ஸியிடம் கேளுங்கள். பல வாட்டுகளில் படம் எடுக்கத் தடை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்தத் தடைக்கு நியாயம் இருக்கிறது. தாயையும் பிள்ளையையும் மட்டும் ஒரே ஒரு படம், வேறு யாரும் விழமாட்டார்கள் என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் இல்லைதான். வீட்டுக்குக் கூட்டிவரும்போது வாசலில் எடுக்கலாம். மிஸ்ஸியோடு வாக்குவாதப்பட்டால் அதன் சுமை, நீங்கள் வெளியே போனபின் உள்ளே கிடக்கிற உங்கள் மனைவிக்குத்தான்.

அந்த நியாயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பெண்கள் வாட்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களச் சகோதரி பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். எதிரே ஒரு முஸ்லிம் சகோதரி, ஆண்கள் வரும் நேரம் தெரியாமல் முக்காடு இல்லாமல் படுத்திருப்பாள். இன்னொருத்தி பிள்ளையை இழந்துவிட்டு வெறுங்கையோடு சுவரைப் பார்த்திருப்பாள். உங்கள் படத்தின் மூலையில் அவர்களில் ஒருவர் விழுந்தாலும் அது அவர்கள் வாழ்வில் நீங்கள் கேட்காமல் எடுத்தது. அதனால் சுவர்ப் பக்கமோ யன்னல் பக்கமோ பார்த்து எடுங்கள். நிமிர்ந்து நின்று எடுத்தால் வாட்டு முழுவதும் விழும். குனிந்து, தாயின் தோள் மட்டத்துக்குப் போனைக் கொண்டுவந்தால் அவளும் பிள்ளையும் மட்டும்தான் விழுவார்கள். மானத்துக்கும் அது நல்லது, படத்துக்கும் அது நல்லது.

பிளாஷ் வேண்டாம். பிளாஷ் வெளிச்சத்தில் பிள்ளைக்குக் கண் போய்விடும் என்று 2015இல் சீனாவிலிருந்து ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. கண் வைத்தியர்கள் அதை ஏற்கவில்லை; ஒரு பிளாஷ் வெளிச்சம் கண்ணை அப்படிக் கெடுக்காது என்றே சொன்னார்கள். ஆகவே யாராவது மறந்துபோய் எடுத்துவிட்டால் பதறவேண்டாம். ஆனால் பிள்ளை திடுக்கிடும், பக்கத்துப் பிள்ளையும் எழும்பும், படமும் மாவு பூசியதுபோல் வரும். யன்னல் வெளிச்சமே போதும். மத்தியான வெயில் நேரே விழுந்தால் முகத்தில் கறுப்பு நிழல் கட்டும். பின்னேரம் வரும் வெளிச்சம்தான் நல்லது. தாயின் முகம் யன்னல் பக்கம் திரும்பியிருந்தால் சரி. டியூப் லைட்டுக்குக் கீழே மட்டும்தான் எடுக்கமுடியும் என்றால் அப்படியே எடுங்கள். நிறம் கொஞ்சம் மாறினாலும் முகம் மாறாது.

என்ன எடுப்பது? அழகுபடுத்தி எடுக்கவேண்டாம். பிறந்த பிள்ளை படத்தில் பார்க்கும் பிள்ளைபோல் இருக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பயப்படாமல் இருக்க அது உதவும். தலை கொஞ்சம் நீண்டு கூம்பியிருக்கும். பிறக்கும் வழிக்கேற்ப எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கியதால் அப்படி, சில நாளில் சரியாகிவிடும். கண் இமை வீங்கியிருக்கும். கையும் காலும் கொஞ்சம் நீலம் பாரித்திருக்கலாம். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெண்ணெய் தடவியதுபோல் வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். தோளில் பூனைமயிர் இருக்கும். மூக்கில் கடுகிலும் சிறிய வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இவை எல்லாம் சில நாளில், சில வாரத்தில் போய்விடும். பிறகு ஒருநாளும் திரும்பி வராது. முகத்தை ஒரு படம் எடுத்தபின், கிட்டப் போய் உள்ளங்காலை ஒரு படம், காதை ஒரு படம், தாயின் விரலைச் சுற்றிப் பிடித்த கையை ஒரு படம் எடுங்கள். போதும்.

பிள்ளைக்கு அந்த நாட்களில் ஏறக்குறைய 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். தாயின் மார்பில் இருந்து அவள் முகத்துக்குள்ள தூரம் அது. அந்த இடைவெளிக்குள் போனை நீட்டாதீர்கள், பக்கத்திலிருந்து எடுங்கள். பிறந்த முதல் மணித்தியாலம் பால் குடிக்கவும் தாயின் தோலோடு தோலாகக் கிடக்கவும் உரிய நேரம். அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே இருக்கும் பாக்கியம் கிடைத்தாலும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துப் படமெடுக்க யாரையும் விடாதீர்கள்.

மனைவி வேண்டாம் என்றால்? கட்டாயப்படுத்தக்கூடாது. ஆனால் முதல்முறை சொல்லும் 'வேணாம்' அநேகமாக வெட்கத்தால் வருவது. இதை ஒருவருக்கும் காட்டமாட்டேன், உனக்கும் பிள்ளைக்கும் மட்டும் என்று வாக்குக் கொடுங்கள். எடுத்ததை அவளிடமே முதலில் காட்டுங்கள். அழி என்றால் அவள் கண்முன்னே அழியுங்கள். இதையெல்லாம் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அப்பம்மாவோ அம்மம்மாவோ 31ஆம் நாள் கழியுமுன் படம் எடுக்கக்கூடாது, கண்ணூறு படும் என்பார். அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். எத்தனையோ பிள்ளைகள் முதல் மாதத்திலேயே போய்விட்ட காலத்தைப் பார்த்தவர்களிடமிருந்து வந்த பயம் அது. அவருக்கு நீங்கள் சொல்லவேண்டிய மறுமொழி ஒன்று உண்டு: படம் எடுப்பேன், ஊருக்குக் காட்டமாட்டேன். கண்ணூறு என்று அவர் சொல்வதையும், விவரம் தெரியாத ஆட்களின் கைக்குப் பிள்ளையின் படம் போகக்கூடாது என்று நான் சொல்வதையும் நீங்கள் ஒரே காரியத்தால் நிறைவேற்றலாம்.

ஆம், அனுப்பும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். பிள்ளையின் கையில் கட்டிய பட்டியில் தாயின் பெயரும் இலக்கமும் எழுதியிருக்கும். கட்டிலின் தலைப்பக்கம் தொங்கும் அட்டையில் வாட்டு, திகதி, நோய் விவரம் எல்லாம் இருக்கும். அவற்றோடு ஒரு படத்தை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் உங்கள் போனில் இலக்கம் உள்ள காசு கொடுத்தவர், வாங்கியவர், பழைய முதலாளி எல்லோரும் பார்ப்பார்கள். பேஸ்புக்கில் போட்டால் அதைவிடத் தூரம் போகும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று தனிநபர் தரவைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் தகப்பனே படத்தை உலகத்துக்குத் தூக்கிக்கொடுத்த பிறகு எந்தச் சட்டம் வந்து திருப்பி வாங்கித்தரும்? டுபாயில் இருக்கும் அண்ணனுக்கும் கனடாவில் இருக்கும் மாமாவுக்கும் தனித்தனியே அனுப்புங்கள். மனைவி பார்த்துச் சம்மதித்த படத்தை மட்டும் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு "பிள்ளை கிடைச்சிருக்கு, தாயும் பிள்ளையும் சுகம்" என்ற ஒரு வரி போதும். பிள்ளைக்கும் ஒரு நாள் தன் முகத்தைப் பற்றிச் சொந்தக் கருத்து வரும்.

சில பிள்ளைகள் அவசரப்பட்டு வந்துவிடும். குறைமாதப் பிள்ளைகளுக்கான பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடக்கும் பிள்ளையைப் படமெடுக்க மனம் வராது. ஆனால் அங்கேதான் உங்கள் படத்துக்கு வேலை அதிகம். வயிற்றில் வெட்டுக்காயத்தோடு வேறு மாடியில் படுத்திருக்கும் தாய் தன் பிள்ளையை இன்னும் கண்டிருக்கமாட்டாள். அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்துப்போய்க் காட்டுங்கள், அல்லது அங்குள்ள மிஸ்ஸியிடம் போனைக் கொடுத்துக் கெஞ்சிக் கேளுங்கள். பிள்ளைக்காகப் பால் பீய்ச்சும் தாய்மாரைப் பிள்ளையின் படத்தைப் பார்த்துக்கொண்டு பீய்ச்சச் சொல்வார்கள். பார்க்கப் பார்க்கப் பால் இறங்கும்.

இன்னொன்றும் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனமில்லை. எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு வருவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தாய், பேர் வேண்டாம், சில நாள் மட்டும் இருந்த தன் பிள்ளையின் ஒரே படத்தை அலுமாரியில் பாங்கிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். கை அகலம்கூட இல்லாத படம். மூடிய கண்களும், அவளுடைய சுட்டுவிரலும், அதன்மேல் பிள்ளையின் கையும். புருஷன் எடுத்தது. இப்படிப்பட்ட நேரத்தில் படம் எடுக்கலாமா என்று அன்று அவனைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு ஒரு பிள்ளை இருந்தது என்று சொல்ல அவளிடம் இருக்கும் சாட்சி இன்று அது ஒன்றுதான். அமெரிக்காவில் இதற்கென்றே, ஆறு நாள் மட்டும் இருந்த பிள்ளையை இழந்த ஒரு தாயும் அந்தப் பிள்ளையைப் படமெடுத்த படப்பிடிப்பாளரும் சேர்ந்து 2005இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்றவர்கள் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்த, இறக்கப்போகும் பிள்ளைகளைத் தாய் தகப்பனோடு படமெடுத்துக் கொடுக்கிறார்கள். இங்கே அந்த வேலையும் உங்கள் தலையில்தான் வரும். அப்படி ஒரு நாள் உங்களுக்கு வரவே கூடாது. வந்தால், மனைவியிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு எடுங்கள். அன்று பார்க்க வேண்டியதில்லை. எடுக்காததைப் பிறகு எடுக்கவே முடியாது.

எடுத்தபின் வைத்திருப்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். 2004 சுனாமி அன்று கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆண் கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது நினைவிருக்கும். அன்று சேர்க்கப்பட்டவர்களில் 81ஆவது ஆள் என்பதால் அந்தப் பிள்ளையின் பெயரே 81 ஆகிவிட்டது. பல குடும்பங்கள் உரிமை கோரியதாகச் செய்திகள் வந்தன. பெற்ற தாயும் தகப்பனும் நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து, மரபணுப் பரிசோதனை முடிவு வந்தபின், 2005 பெப்ரவரியில்தான் பிள்ளையைக் கையில் வாங்கினார்கள். ஒரு படம் அந்த வழக்கைத் தீர்த்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பச்சைப்பிள்ளை முகம் வாரத்துக்கு வாரம் மாறும். ஆனால் அப்படித் தண்ணீர் வந்தால் வீட்டில் உள்ள தாள் எல்லாம் போகும் என்பதைக் களனி ஆற்றங்கரையில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்புக்கு வெள்ளம் வருமா என்று நாடே கேட்கும்போது நமது நாகலகம் வீதி நீர்மட்டத்தைத்தான் வானொலியில் வாசிக்கிறார்கள். 2016 மே வெள்ளத்தில் ஆல்பங்களைக் கூரையில் காயவைத்த வீடுகள் உண்டு. 1983 யூலைக் கலவரத்தில் தீயோடு போன கல்யாணப் படங்களை இன்றும் சொல்லி அழும் வயதானவர்கள் உண்டு.

போன் விழும், களவு போகும், தண்ணீரில் நனையும். ஆகவே எடுத்த படங்களில் நல்லது ஒன்றை, தாயும் பிள்ளையும் இருப்பதை, அந்த வாரமே ஸ்டூடியோவில் கொடுத்து இரண்டு பிரதி அச்சடியுங்கள். பின்பக்கம் பென்சிலால் திகதி, நேரம், ஆஸ்பத்திரி, வாட்டு, பிள்ளையின் நிறை எழுதுங்கள். யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பிள்ளை பிறகு கேட்கும். ஒரு பிரதியைப் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டோடு பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்று கொடுப்பார்களே, அந்தப் புத்தகம்தான். தடுப்பூசிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தேவைப்படுவதால் அது தொலையாது. மற்றப் பிரதியை வேறு ஊரில், உயரமான இடத்தில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

நாள் நெருங்கியவர்கள் இன்று இரவே போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய வீடியோக்களை அழியுங்கள். பிறகு மனைவியின் பக்கத்தில் இருந்து, முதற்படத்தில் நீயும் இருக்கவேண்டும் என்று சொல்லி அவளுடைய சம்மதத்தைக் கேளுங்கள்.

அன்புடன்,
கிராண்ட்பாஸிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி